பச்சை மெருகிட்ட ஹான் கோபுரம்: எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது

நீங்கள் கேட்டது மூன்று. அருங்காட்சியகத்தில் பார்த்த பச்சை நிறச் சீன மண் கோபுரத்தைப் போலத்தான் அந்தக் காலத்து வீடுகள் உண்மையிலேயே இருந்தனவா? அதன்மேல் வெள்ளி பூசியது போலப் பளபளக்கிறதே, அது என்ன? இதே மாதிரி ஒன்று பரிசோதனைச் சான்றிதழோடு இணைய ஏலத்துக்கு வருகிறது, வாங்கலாமா? மூன்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பொருள் சொல்வதில் எவ்வளவை நம்புவது? சுருக்கமாகச் சொன்னால், அதன் கட்டட இணைப்புகளை நம்புங்கள், அளவுகளை நம்பாதீர்கள், மேற்பரப்பைச் சந்தேகியுங்கள், சான்றிதழைக் கடைசியில் பாருங்கள். ஏன் என்பதுதான் நீளம்.

முதலில் பொருள் எது என்று தெளிவாக்கிக்கொள்வோம். சீனத்தில் இறந்தவரோடு புதைப்பதற்கென்றே செய்யும் பொருளுக்கு மிங்ச்சி என்று பெயர். பழைய சீனச் சடங்கு நூலான லீஜியில் கன்ஃபூசியஸ் சொன்னதாக ஒரு பகுதி வருகிறது. இறந்தவருக்கு வைக்கும் மண்பாண்டம் புழங்கத் தக்கதாய் இருக்கக் கூடாது, யாழுக்கு நரம்பு கட்டலாம் ஆனால் சுருதி சேர்க்கக் கூடாது, மணி வைக்கலாம் ஆனால் தொங்கவிடச் சட்டம் வைக்கக் கூடாது என்று போகும். பொருள் இருக்க வேண்டும், வேலை செய்யக் கூடாது என்பது கணக்கு. ஹான் அரச மரபின் காலத்தில் (கி.மு. 206 முதல் கி.பி. 220 வரை) இந்த எண்ணம் பாண்டங்களைத் தாண்டி வீட்டுக்குள்ளும் புகுந்தது. அதற்குக் கல்லறையின் வடிவம் மாறியதும் ஒரு காரணம். ஆழக் குழி தோண்டி மரப்பெட்டிக்குள் பெட்டி வைத்த பழைய முறை மெல்லப் போய், செங்கல் வளைவுகளால் கட்டிய, வாசலும் அறைகளும் கொண்ட நிலத்தடி வீடு வந்தது. வீடு என்று ஆனபின் அடுப்பு வேண்டும், கிணறு வேண்டும், குதிர் வேண்டும், திருகை, மிதி உரல், கோழிக்கூண்டு, ஆட்டுக்கிடை, பன்றிக்கொட்டில் எல்லாம் வேண்டும். பன்றிக்கொட்டிலின் மேலேயே கழிப்பறை இருக்கும், படி ஏறிப் போக வேண்டும், கழிவு நேரே கீழே விழும். உரத்துக்காகச் செய்த ஏற்பாடு அது, கேலிக்காகச் செய்த பொம்மை இல்லை. நீங்கள் பார்த்த கோபுரம் இந்தக் குடும்பத்தில் கடைசியாக வந்த பெரிய பிள்ளை. மிகப் பெரும்பாலும் கிழக்கு ஹான், அதாவது கி.பி. 25க்குப் பிந்தியது.

கோபுரத்துக்குப் போகுமுன் தானியக் குதிர் ஒன்றைப் பாருங்கள், இந்தப் பொருட்களைப் படிக்கும் முறை அங்கே பிடிபடும். லுவோயாங் நகரை ஒட்டிய ஷாவ்கோவில் 1950களின் தொடக்கத்தில் 225 ஹான் கல்லறைகள் தோண்டப்பட்டன. அங்கே கிடைத்த மண் குதிர்கள் சக்கரத்தில் ஏற்றிய உருளைகள். தோள்பகுதி கூரை போலச் சரிந்திருக்கும், பலவற்றில் அந்தச் சரிவில் ஓட்டு வரிசைகள் புடைப்பாக இருக்கும். இந்த வகைக் குதிர்கள் பெரும்பாலும் குந்திய கரடி வடிவ மூன்று கால்கள்மேல் நிற்கும். சிலவற்றின் வயிற்றில் தூரிகையால் எழுதியிருக்கிறார்கள்: ‘தினை பத்தாயிரம் ஷி’, ‘அவரை பத்தாயிரம் ஷி’. ஹான் காலத்து ஒரு ஷி ஏறக்குறைய 20 லிட்டர். அப்படியானால் பத்தாயிரம் ஷி என்பது இரண்டு லட்சம் லிட்டர். கையில் இருப்பதோ ஒரு ஆள் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய ஜாடி. உள்ளே மெய்யான தானியத்தின் மிச்சமும் சிலவற்றில் கிடைத்தது. ஆக, தானியம் நிஜம், கூரையின் ஓடு நிஜம், கொள்ளளவு மட்டும் எழுத்தில். யாரும் இங்கே அளவுப்படம் வரையவில்லை. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகினால் கோபுரத்தையும் படிக்கலாம்.

கோபுரம் சக்கரத்தில் வந்ததில்லை. களிமண்ணைத் தகடாகத் தட்டி, கத்தியால் செவ்வகங்களாக அறுத்து, பாதி காய்ந்த பதத்தில் ஓரங்களைக் கீறி, களிக்குழம்பு தடவி ஒட்டிய பெட்டிகளின் அடுக்கு அது. சன்னலின் சாய்சதுரக் கம்பிவலை அதே பதத்தில் கத்தியால் வெட்டியது. உற்றுப் பார்த்தால் மூலைகளில் கத்தி கொஞ்சம் தாண்டிப் போன கோடு தெரியும். கரடிக்கால், ஓட்டு வரிசையின் நுனியில் வரும் வட்டத் தட்டு, மனித உருவம், முகட்டின்மேல் உட்காரும் பறவை போன்றவை பெரும்பாலும் அச்சில் அழுத்தி எடுத்து ஒட்டியவை. ஒரே அச்சில் வந்த துண்டுகள் வேறு வேறு கல்லறைகளில் கிடைப்பதில் வியப்பில்லை. பட்டறைகள் மொத்தமாகச் செய்து விற்ற சரக்கு இது.

தகட்டு வேலையில் கெட்டுப்போகும் இடங்கள் எப்போதும் அவையேதான். தகடு ஒரு பக்கம் மட்டும் காற்றுப் பட்டால் வளைந்து நிமிராது. களிமண் காய்ந்து வெந்து முடிவதற்குள் நீளத்தில் பத்தில் ஒரு பங்கு வரை சுருங்கும். சுவர் ஈரமாகவும் கூரை காய்ந்தும் இருக்கும்போது ஒட்டினால் இரண்டும் ஒரே அளவு சுருங்காது, ஒட்டிய இடம் பிளக்கும். மூலையில் தலைமுடி போன்ற விரிசல் விழும். தடித்த இடத்தில் ஈரம் தங்கியிருந்தால் நீராவி வெளியேற வழியில்லாமல் சூளையில் வெடிக்கும். எனவே கூரையும் சுவரும் தனித்தனித் துண்டாகச் செய்து, சுட்டபின் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதே பாதுகாப்பான வழி. இப்போது விகிதம் ஏன் விநோதமாக இருக்கிறது என்பது புரியும். ஒவ்வொரு தளமும் சூளைக்குள் தனியாக நிற்கக்கூடிய உயரம்தான். மேல் தளம் கீழ்த் தளத்தின் கூரைத் துளைமேல் உட்கார வேண்டும், ஆகவே குறுகும். இறவாரம் நீண்டால் தொங்கிவிடும், ஆகவே நிஜக் கட்டடத்தில் இருந்ததைவிடக் குட்டையாகவும் தடிப்பாகவும் இருக்கும். ஹெனான் மாநிலத்தின் ஜியாவ்சுவோவில், பாய்ஜுவாங் கல்லறையில் 1993இல் கிடைத்த ஏழு தள தானியக் கோபுரம் 192 சென்டிமீட்டர் உயரம். அது பலப்பல துண்டுகளாகச் சுட்டு அடுக்கியது. பக்கத்துக் கோபுரத்துக்குப் போக நடுவானில் மூடிய பாலமே இருக்கிறது. ஆனால் ஒன்று: அதற்கு மெருகு, அதாவது கண்ணாடிப் பூச்சு, கிடையாது, சாம்பல் நிற மண்ணில் வண்ணம் தீட்டியது. ஜியாவ்சுவோக்காரர்கள் உயரத்தில் செலவழித்தார்கள், மேற்கு ஹெனானிலும் சியான் நகரைச் சுற்றியும் மெருகில் செலவழித்தார்கள். பச்சை மெருகோடு ஒரு மீட்டரைத் தாண்டிய கோபுரம் கிடைத்தால் அது பெரிய உருப்படி. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருப்பது அந்த அளவு.

சரி, அளவுகளைத் தள்ளிவிட்டோம், மிஞ்சுவது என்ன? மிஞ்சுவதுதான் பொக்கிஷம். ஹான் காலத்து மரக் கட்டடம் ஒன்றுகூடத் தரைக்கு மேல் இன்று நிற்கவில்லை. சீனத்தில் நிற்கும் மிகப் பழைய மர மண்டபம் என்று அறியப்படுவது ஷான்சி மாநிலம் ஊதாய் மலையிலுள்ள நான்ச்சான் கோயிலின் பெரிய மண்டபம், கி.பி. 782. ஹான் முடிந்து ஐந்நூற்று அறுபது ஆண்டுகளுக்குப் பிந்தியது. அந்த இடைவெளிக்கு முன்னால் தச்சர்கள் என்ன செய்தார்கள் என்பதற்குச் சாட்சி கல்லறைச் சுவர்ச் சிற்பம், ஓவியம், கல்லால் செய்த வாயில் தூபிகள், அப்புறம் இந்த மண் கோபுரங்கள். இறவாரத்துக்கும் வெளிநீண்ட முகப்புத் தளத்துக்கும் கீழே பாருங்கள். சுவரிலிருந்து ஒரு கை நீளும், அதன் நுனியில் ஒரு கட்டை, கட்டைமேல் குறுக்கே வளைந்த இன்னொரு கை, அதன்மேல் இரண்டோ மூன்றோ சிறு கட்டைகள், அவை உத்தரத்தைத் தாங்கும். நம் கோயில் மண்டபத்தில் தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவே போதிகை செய்யும் வேலைதான் இது, மரத்தில் செய்தது. சீனத்தில் தோகோங் என்பார்கள். சிச்சுவானில் யாஆனிலுள்ள காவ் யீ கல் தூபி கி.பி. 209ஆம் ஆண்டு. அதில் கல்லில் செதுக்கிய தோகோங் இதே உருவில் இருக்கிறது. கல்தச்சரும் குயவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் செய்திருக்க வழியில்லாத தூரத்தில் ஒரே இணைப்பைக் காட்டினால், இருவரும் பார்த்தது மரத்தில் இருந்தது என்று துணிந்து சொல்லலாம்.

மூலைக்குப் போனால் அந்தத் துணிவு குறைகிறது. இரண்டு பக்க இறவாரமும் சேரும் மூலையில் பாரம் அதிகம். பிற்காலத்தில் அங்கே இரண்டு சுவர்களின் திசையிலும் மூலைவாட்டமாகவும் மூன்று திசைக் கைகளை ஒரே இடத்தில் பூட்டினார்கள். ஹான் கோபுரங்களில் ஒன்றில் மூலைவாட்டமாக ஒரே கை நீளும், இன்னொன்றில் இரண்டு கைகள் அருகருகே தனித்தனியாக நிற்கும், வேறொன்றில் ஒரு கரடியோ மனிதனோ குந்தித் தாங்குவான். தச்சர்களுக்கே இன்னும் விடை பிடிபடாத காலம் என்று ஒரு கருத்து உண்டு. மரத்தில் தெளிவாக இருந்ததை மண்ணில் செய்ய முடியாமல் குயவர் சமாளித்தார் என்பது இன்னொன்று. எனக்கு முதல் கருத்தின் பக்கம் சாய்வு, ஏனென்றால் கல் தூபிகளிலும் மூலை தடுமாறுகிறது. ஆனால் இதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கூரையைப் பற்றித் தயக்கமே வேண்டாம். சீனக் கட்டடம் என்றதும் மனசில் வருகிற, நுனி வானத்தை நோக்கி வளைந்த இறவாரம் இவற்றில் இல்லை. ஹான் கூரையின் இறவாரக் கோடு நேர்கோடு. முகட்டு நுனி மட்டும் லேசாக நிமிர்ந்து, அதில் இலை வடிவிலோ வட்டமாகவோ ஓர் அணி இருக்கும். ஏலப் படத்தில் மூலைகள் எல்லாம் நாட்டியக்காரியின் விரல் போல மேலே வளைந்திருந்தால், செய்தவர் பிற்காலக் கோயிலைப் பார்த்துச் செய்திருக்கிறார்.

‘காவற்கோபுரம்’ என்ற பெயர்ப்பலகை பாதிதான் சரி. மாடத்தில் வில்லேந்தியவர்கள் நிற்கும் கோபுரங்கள் உண்டு. கிழக்கு ஹானில் பெருநிலக்காரர்கள் தங்கள் பண்ணையைத் தாங்களே காத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டாம் நூற்றாண்டின் சுய் ஷி பண்ணைக்காரர்களுக்கு மாதவாரியாக எழுதிவைத்த வேலைப்பட்டியலில், வசந்தப் பஞ்சத்துத் திருடர்களுக்காகச் சுவரையும் கதவையும் சீர் செய், குளிர்காலக் கொள்ளையருக்காக ஆயுதங்களைப் பழுது பார், அம்பு எய்து பழகு என்றெல்லாம் வருகிறது. கான்சு மாநிலம் ஊவெயில் 1969இல் திறந்த லெய்தாய் கல்லறையில், புகழ்பெற்ற வெண்கலப் பாயும் குதிரையோடு பச்சை மெருகிட்ட ஒரு கோட்டை வீடும் கிடைத்தது. நான்கு பக்கம் மதில், மூலைக்கு ஒரு சிறு கோபுரம், அவற்றை இணைக்கும் பாலம், நடுவில் ஐந்து தளம். அதைப் பார்த்தபின் காவல் என்ற சொல்லை மறுக்க முடியாது. (அந்தக் கல்லறையே கிழக்கு ஹானா, அடுத்த நூற்றாண்டின் மேற்கு ஜின்னா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) ஆனால் மேற்கு ஹெனானில் கிடைக்கும் பல கோபுரங்கள் ஒரு வட்டத் தொட்டிக்கு நடுவே நிற்கின்றன. தொட்டிக்குள் மீன், ஆமை, வாத்து. குளத்து நடுவே மாளிகை கட்டிக் காவல் காப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், கோடையில் காற்று வாங்குவதற்கும் அது நல்ல இடம். மூன்றாவது விளக்கம் ஒன்றும் இருக்கிறது. சாகாவரம் பெற்றவர்கள் உயர்ந்த மாடிகளில் வசிப்பதை விரும்புவார்கள் என்று ஒரு மந்திரவாதி சொன்னதைக் கேட்டு ஹான் மரபின் ஊ பேரரசர் உயர் மாளிகைகள் கட்டினார் என்று வரலாற்றாசிரியர் சிமா ச்சியான் எழுதியிருக்கிறார். கல்லறையில் உயரம் வைப்பதற்கு அதைவிடப் பொருத்தமான காரணம் வேண்டுமா? நிலக்காரரின் செல்வம், பயம், மறுமை ஆசை மூன்றும் ஒரே மண் அடுக்கில் இருக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒரே ஒரு விளக்கத்தை அடித்துச் சொல்லும் பெயர்ப்பலகையைப் பார்த்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

மெருகுக்கு வருவோம். கிளேஸ் என்று சொல்கிறோமே, அது மண்ணின்மேல் உருகி ஒட்டிய கண்ணாடி. மணலிலுள்ள சிலிக்கா தானாக உருக 1700 டிகிரி செல்சியஸ் வேண்டும். சாதாரணச் செம்மண் பாண்டம் அந்தச் சூட்டில் பிண்டமாகிவிடும். காரீயத்தின் (இனி ஈயம் என்றே சொல்கிறேன்) ஆக்சைடைச் சேர்த்தால் கலவை 700 முதல் 900 டிகிரிக்குள் உருகி ஓடும். ஹான் மெருகில் எடைக்கு ஏறத்தாழப் பாதியும் சில சமயம் அதற்கு மேலும் ஈய ஆக்சைடுதான். அதில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு செம்பு சேர்ந்தால் பச்சை, இரும்பு சேர்ந்தால் தேன் நிறம் முதல் பழுப்பு. சியானைச் சுற்றிய பகுதியில் தேன்பழுப்பு முதலில் பரவி, பச்சை பின்னால் வந்து ஆளைத் தள்ளிவிட்டது. ஈய மெருகுக்குச் சூளையில் காற்றோட்டம் தாராளமாக வேண்டும். புகை சூழ்ந்தால் ஈய ஆக்சைடு மறுபடி உலோகமாகி மெருகு கறுத்துவிடும், செம்பும் பச்சையாய் நிற்காது. இந்த மெருகு சூட்டில் தண்ணீர் போல வழியும் குணமுள்ளது. கூரையில் ஓட்டு வரிசைகளுக்கு நடுப் பள்ளத்தில் தேங்கிக் கரும்பச்சையாகவும், வரிசையின் முதுகில் மெலிந்து அடியிலுள்ள செம்மண் தெரியும்படியும் இருக்கும். இந்த ஏற்ற இறக்கம் தூரிகையால் வருவதில்லை, புவியீர்ப்பால் வருவது. ஆகவே அது ஒரு திசையைக் காட்டும். வழிந்த துளி எந்தப் பக்கம் தொங்குகிறதோ அந்தப் பக்கம்தான் சூளையில் கீழ்ப்பக்கம். ஹான் ஜாடிகள் பலவற்றில் துளிகள் வாயை நோக்கி ஓடியிருக்கும். கவிழ்த்து வைத்துச் சுட்டார்கள். கோபுரத்தின் உட்புறத்தில் பொதுவாக மெருகு வைக்க மாட்டார்கள், யாரும் பார்க்காத இடத்தில் ஈயத்தை வீணாக்குவானேன்.

இரண்டு குழப்பங்களை இங்கேயே தீர்த்துவிடலாம். பச்சை என்பதால் இதைச் செலடான் (இன்னொரு வகைப் பச்சைச் சீனப் பாண்டம்) என்று விற்பவர்கள் உண்டு. செலடான் வகையின் முன்னோடிகள் தெற்கே ஜேஜியாங் பக்கம் 1200 டிகிரி அளவில் சுட்ட கெட்டிப் பாண்டங்கள். அவற்றில் உருக்கியது சுண்ணாம்பும் சாம்பலும், நிறம் இரும்பால். இதனுடன் சம்பந்தமில்லாத வேறு தொழில்நுட்பம். அடுத்தது, ‘வெண்கலம் போலக் காட்டுவதற்காகப் பச்சை பூசினார்கள்’ என்ற பேச்சு. ஜாடியின் வடிவம் வெண்கலத்தைப் பார்த்துச் செய்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் வெண்கலம் பச்சையாவது மண்ணுக்குள் கிடந்தபின். ஹான் வீட்டில் புழங்கிய வெண்கலம் பொன்னிறம். நிறத்தைப் போலி செய்ய நினைத்திருந்தால் தேன்பழுப்பை விட்டுப் பச்சைக்கு ஏன் போனார்கள்? இந்த வாதம் எனக்கு ஒருபோதும் ஒட்டியதில்லை. இன்னொன்று, ஈய மெருகில் புளிப்பான உணவு வைத்தால் ஈயம் கரைந்து உணவில் இறங்கும். உயிரோடிருப்பவர் இதில் உண்ணும் வழக்கம் பரவவில்லை, மெருகு கிட்டத்தட்ட முழுதும் கல்லறைக்கே போயிற்று.

வெள்ளிப் பளபளப்பில் வெள்ளி துளியும் இல்லை. மண்ணின் ஈரமும் அதில் கரைந்த கரியமில வாயுவும் நூற்றாண்டுக் கணக்கில் மெருகைக் கரைத்து ஈயத்தை வெளியே இழுக்கின்றன. மிஞ்சுவது சிலிக்கா மிகுந்த மெல்லிய ஏடு. வெளியே வந்த ஈயம் கார்பனேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் ஏடுகளுக்கிடையே படிகிறது. இப்படி ஏட்டின்மேல் ஏடாக, வெங்காயத் தோல் போல. ஒவ்வொன்றும் ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க மெல்லிசு என்பதால், வெவ்வேறு ஏட்டில் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று மோதிப் பளபளப்பைத் தருகிறது. மழைக்குப்பின் சாலைத் தண்ணீரில் மிதக்கும் பெட்ரோல் படலத்தின் நிறங்கள் வருவது இதே வழியில்தான். ஈரம் பட்டால் ஏடுகளின் இடைவெளி நிரம்பிப் பளபளப்பு மங்கி, அடியிலுள்ள பச்சை எட்டிப் பார்க்கும். காய்ந்ததும் திரும்பி வரும். வெளிப்பட்ட விரிசல் கோடுகளின் ஓரத்திலும், தண்ணீர் தேங்கிய பக்கத்திலும் இது கூடுதலாக இருக்கும். ஒரு பக்கம் வெள்ளி, மறுபக்கம் சுத்தப் பச்சை என்று இருப்பது இயல்பு, கல்லறையில் எந்தப் பக்கம் சேற்றில் கிடந்தது என்று அது சொல்கிறது. கோபுரத்தின் எல்லாத் தளங்களிலும் ஒரே சீராக, ஓட்டுப் பள்ளத்திலும் முதுகிலும் வித்தியாசம் இல்லாமல் வெள்ளி படர்ந்திருந்தால்தான் பயப்பட வேண்டும். அமிலத்தில் முக்கியோ, அப்ரகத் (மைக்கா) தூளைப் பசையில் குழைத்துப் பூசியோ வரவழைப்பார்கள். அமிலம் தின்ற மெருகு ஏடாக உரியாது, மாவு போல உதிரும். அப்ரகத் துகள் பூதக்கண்ணாடியில் மினுக்கும் புள்ளிகளாகத் தனித்துத் தெரியும்.

ஏலத்தில் இன்னொரு வழுக்கல், காலத்தைக் குழப்புவது. கல்லறைக்கு மண் வீடு வைக்கும் வழக்கம் ஹானோடு நின்றுவிடவில்லை. ஹூபெய் மாநிலம் சியாங்யாங்கில் 2008இல் ஒரு கல்லறையில் கிடைத்த பழுப்பு மெருகுக் கோபுரத்தின் உச்சியில் ஸ்தூபியின் குடையடுக்கு இருக்கிறது. ஹான் முடிந்து மூன்று அரசுகள் எழும் கட்டம். இந்தியாவிலிருந்து போன ஸ்தூபி, சீன மாடக்கோபுரத்தின் தலையில் ஏறிப் பகோடாவாகும் தருணத்தை அப்படியே பிடித்த பொருள் அது. தாங் காலத்தில் (618 முதல் 907 வரை) மூவண்ண மெருகில் முற்றமும் மண்டபமும் செயற்கைக் குன்றும் கொண்ட வீடுகள் செய்தார்கள், 1959இல் சியானின் மேற்குப் புறத்தில் ஜோங்பாவ் கிராமத்தில் ஒரு தொகுதி கிடைத்தது. அந்த மண் பெரும்பாலும் வெளிறிய நிறம், முதலில் மண்ணை மட்டும் சுட்டுவிட்டு மெருகைக் குறைந்த சூட்டில் இரண்டாம் முறை சுட்டார்கள். மிங் காலத்திலும் (1368 முதல் 1644 வரை) பச்சையும் மஞ்சளும் மெருகிட்ட வாயில், மண்டபம், பக்க அறைகள் என்று வரிசையாக வைக்கும் தொகுதிகள் உண்டு. அவற்றின் முகட்டு நுனிகளில் பிற்காலக் கட்டடங்களின் அணிகளைப் பார்க்கலாம். தொகுதியிலிருந்து பிரித்த தனி மிங் வீடு ‘ஹான்’ என்ற பெயரில் விற்பனைக்கு வருவது புதிதல்ல, பழையது என்றால் விலை கூடும் என்று நினைப்பு.

இப்போது அந்தச் சான்றிதழ். அதில் இருப்பது வெப்ப ஒளிர்வுச் சோதனையாகத்தான் இருக்கும். களிமண்ணிலுள்ள குவார்ட்ஸ் போன்ற தாதுக்கள் சுற்றுப்புறக் கதிரியக்கத்தை மெல்லச் சேர்த்து வைக்கும். சூளையில் ஏறக்குறைய 500 டிகிரியைத் தாண்டும்போது அந்தச் சேமிப்பு அழிந்து கணக்கு பூச்சியத்தில் தொடங்கும். பாண்டத்தில் மறைவான இடத்தில் சிறு துளையிட்டு ஒரு சிட்டிகை தூள் எடுத்துச் சூடேற்றினால், வரும் ஒளியின் அளவிலிருந்து கடைசியாகச் சுட்ட காலம் தெரியும். பிழை எல்லை பொதுவாக நூற்றுக்கு இருபது. 1900 ஆண்டு என்று வந்தால் இருபுறமும் 380 ஆண்டு தள்ளிக்கொள்ளலாம். ஹானா, போன வருடமா என்று கேட்டால் இந்தச் சோதனை நன்றாகச் சொல்லும். மேற்கு ஹானா, கிழக்கு ஹானா என்று கேட்டால் சொல்லாது. அதைவிட முக்கியம், அது துளையிட்ட இடத்தைப் பற்றி மட்டும் பேசுகிறது. கோபுரம் அடுக்கடுக்காய்ச் சேர்த்த பொருள் என்று மேலே சொன்னேன் அல்லவா, ஏமாற்றுக்கு அதைவிட வசதியான அமைப்பு கிடையாது. அடித்தளம் ஒரு நிஜ ஹான் கோபுரத்தின் உடைந்த துண்டு, மேல் மூன்று தளம் புதியது. அல்லது பழைய கல்லறைச் செங்கலை அறுத்துத் தகடாக்கி ஒட்டியது. துளை அடியில் போட்டிருந்தால் சான்றிதழ் பொய் சொல்லவில்லை, நீங்கள் ஏமாந்தீர்கள், இரண்டும் உண்மை. கதிர்வீச்சுக் காட்டி வயதைக் கூட்டும் வித்தையும் உண்டு. ஆகவே ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி மாதிரி எடுத்திருக்க வேண்டும், துளை எங்கே என்று படத்தோடு காட்டியிருக்க வேண்டும். அதோடு எக்ஸ்-கதிர்ப் படமும் இருந்தால், பழைய மண்ணுக்கு நடுவே ஒட்டிய பிசினும் கம்பியும் தெரிந்துவிடும். ஒன்று கவனம், சி.டி. ஸ்கேன் எடுத்தால் கதிரளவு ஏறி வெப்ப ஒளிர்வுக் கணக்கைக் கெடுக்கும். மாதிரியை எடுத்தபின்தான் ஸ்கேன்.

நிஜம் என்று நிரூபணமானாலும் ஒரு கேள்வி நிற்கிறது, எங்கிருந்து வந்தது? 1980களிலும் 90களிலும் ஹாங்காங் வழியாகக் கல்லறைப் பொருட்கள் வெள்ளமாக வந்தன, பெரும்பங்கு கொள்ளையடித்தவை. தொல்பொருள் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ ஒப்பந்தம் 1970, தாங் முடிவு வரையிலான சீனத் தொல்பொருள் இறக்குமதிக்கு அமெரிக்கா கட்டுப்பாடு கொண்டுவந்தது 2009. 1970க்கு முன்பே வெளியே இருந்ததற்கான பழைய ரசீதோ, அச்சிட்ட ஏலப் பட்டியலோ இல்லாத பெரிய கோபுரத்தை, அது எவ்வளவு அசலாக இருந்தாலும், நான் வாங்கச் சொல்ல மாட்டேன். அசலாக இருந்தால் இன்னும் அதிகமாகவே சொல்ல மாட்டேன்: கோபுரம் கல்லறையில் எந்த அறையில், எதற்குப் பக்கத்தில் இருந்தது என்ற தகவல்தான் மேலே சொன்ன காவலா, குளத்து மாளிகையா என்ற வழக்கைத் தீர்க்கும், கொள்ளையில் முதலில் தொலைவது அதுதான்.

படத்தை மட்டும் வைத்து அசல், போலி என்று அறுதியிட என்னாலும் முடியாது, வேறு யாராவது முடியும் என்றால் அவரிடமிருந்தும் தள்ளி நில்லுங்கள். ஆனாலும் விற்பவரிடம் கேட்க வேண்டிய படங்கள் சில உண்டு: தளங்களைப் பிரித்து வைத்து ஒவ்வொன்றின் அடிப்பக்கம், இறவாரத்தின் கீழ்ப்புறம், சன்னல் வழியாக உட்புறம், ஓட்டுப் பள்ளம் ஒன்றின் நெருக்கப் படம், உடைந்து ஒட்டிய கோடுகள், புறஊதா விளக்கில் முழு உருவம். புறஊதாவில் புதிய பிசினும் மேல்பூச்சும் பெரும்பாலும் வேறு நிறத்தில் ஒளிரும். தளத்துக்குத் தளம் மண்ணின் நிறம் ஒத்திருக்கிறதா, துளிகள் ஒரே தர்க்கத்தில் தொங்குகின்றனவா, மெருகு உரிந்த இடத்தில் செம்மண் தெரிகிறதா, வண்ணம் தெரிகிறதா என்று பாருங்கள். உட்புறம் முழுதும் பச்சை பூசியிருந்தாலோ, அடிப்பக்கத்தைப் படம் எடுக்க மறுத்தாலோ அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஏற்கெனவே யாராவது உறவினர் வீட்டில் இப்படி ஒன்று இருந்தால், எலுமிச்சை, வினிகர், புளி எதையும் அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அமிலம் ஈயத்தை இழுக்கும். ஈரத்துணியும் வேண்டாம். மண்ணிலிருந்து ஏறிய உப்பு உள்ளே இருக்கும், நனைந்து காயும் ஒவ்வொரு முறையும் அது படிகமாகி மெருகை அடியிலிருந்து தள்ளும். மென்மையான உலர்ந்த தூரிகை போதும். தூக்கும்போது மேல் தளத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வையுங்கள், அவை பெரும்பாலும் ஒட்டியிருக்காது, வெறுமனே உட்கார்ந்திருக்கும்.